கலவரத்தின் திகதி தெரியும், காட்சி தெரியுமா?

1915, 1948, 1977, 1983, 2018. கண்டி நகரிலும் அதைச் சுற்றியும் வாழும் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இந்த ஆண்டுகளில் ஒன்றாவது அந்த வீட்டு வாசலால் நுழைந்து போயிருக்கும். ஆனால் தரம் 11இல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் 1915 பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சிங்கள முஸ்லிம் கலவரம், ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார்கள்" என்று சொல்லும். வினாத்தாளில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாடநூலில் இருப்பது அவ்வளவுதான்.

திகதியை மனனம் செய்ய வேண்டும். காட்சி தானாகவே மனதில் தங்கிவிடும். இன அநியாயத்தைப் பற்றி எழுதிய நாவலாசிரியர்கள் அப்படித் தங்கும் காட்சிகளை எப்படி ஆக்கினார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் 1915ஐயே எடுப்போம். கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹர பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் ஒரு விதமாகவும், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதற்கு மாறாகவும் தீர்ப்புச் சொல்லின. அந்தச் சூடு ஆறுவதற்குள் மே 28 வெசாக் இரவு வந்தது. கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால், பக்திப் பாடல் பாடிக்கொண்டு வந்த வண்டில் ஊர்வலத்தோடு தகராறு தொடங்கி, சில நாட்களில் கொழும்பு வரைக்கும் அதற்கு அப்பாலும் பரவியது. கடைகள் போயின, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் போயின. நம் வீடுகளில் இதற்கு மேல் சொல்லக்கூடியவர்கள் இன்று இல்லை.

ஆனால் அதே 1915இலிருந்து சிங்கள மக்கள் நடுவே ஒரு காட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞரை இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். அவர் கடைசியாக அமர்ந்திருந்த கதிரையை இரத்தத்தோடு தூக்கிப்போய், அதே சிறையில் அடைக்கப்பட்டிருந்த மற்றச் சிங்களத் தலைவர்களுக்குக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். கேட்டவர் எவரும் அந்தக் கதிரையை மறக்கமாட்டார். அவர்களுடைய 1915இல் ஒரு கதிரை இருக்கிறது, நம்முடைய 1915இல் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. அவர்கள் நினைவில் நம் கடைகள் இல்லை, நம் நினைவில் அந்த இளைஞர் இல்லை. இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே நாடு.

இத்தனைக்கும் நாவல் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் என்று பேசப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் நம் கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெவ்வை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த நாவல் எகிப்தையும் இந்தியாவையும் சுற்றும் ஒரு சாகசக் கதை. 1898இல் அவர் காலமானார். இன்னும் 17 வருடம் இருந்திருந்தால், தான் நடந்து திரிந்த வீதியில் நடந்ததைப் பார்த்து என்ன எழுதியிருப்பார் என்று நாங்கள் பல தடவை யோசித்ததுண்டு.

சித்திலெவ்வை போய்ப் பத்து வருடம் ஆவதற்குள் கண்டிக் கச்சேரிக்கு ஓர் ஆங்கில இளைஞர் உத்தியோகத்துக்கு வந்தார். பெயர் லெனார்ட் வுல்ஃப். யாழ்ப்பாணத்தில் இரண்டரை வருடம் வேலை பார்த்துவிட்டு 1907 ஆகஸ்டில் கண்டிக்கு மாற்றலாகி, ஒரு வருடம் இங்கே இருந்தார். போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது அவருடைய கடமைகளில் ஒன்று. அதை அவர் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு ஹம்பாந்தோட்டைக்குப் போய் 1911 வரை அங்கே அதிகாரியாகவும் நீதவானாகவும் இருந்தார். ஊர் திரும்பி வேலையை விட்டுவிட்டு 1913இல் ஒரு நாவலை வெளியிட்டார். சிங்களத்தில் 'பெத்தேகம' என்று அறியப்படுவது அதுதான். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1981இல் படமாக்கினார். அதில் வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் இங்கே குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

அந்த நாவலின் நீதிமன்றக் காட்சியைப் பற்றி ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்தே நாங்கள் பேசிக்கொண்டு வருகிறோம். காட்டுக்கு நடுவே ஒரு வறிய சிங்களக் கிராமம். கடன் கொடுக்கும் முதலாளி பபுன் என்பவனின் மனைவி மீது கண் வைக்கிறான். கிராமத் தலைவனும் அவனும் கூடி, பபுன் மீதும் அவனுடைய மாமன் சிலிந்து மீதும் களவுப் பழி போடுகிறார்கள். வழக்கு நகரத்துக்கு வருகிறது.

இங்கே சாதாரண எழுத்தாளராக இருந்தால் என்ன செய்திருப்பார்? நீதவானைக் கொடியவனாக்கியிருப்பார். அல்லது பபுனை எழுப்பி நிறுத்தி ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக ஒரு பக்கத்துக்கு வசனம் பேச வைத்திருப்பார். வுல்ஃப் இரண்டையும் செய்யவில்லை. நீதவான் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் திறந்த பெரிய கதவுக்கு வெளியே நீலக் கடல், சிவப்பு ஓட்டு வீடுகள், அதற்கப்பால் முடிவில்லாத காடு. பபுன் வந்தது அந்தக் காட்டிலிருந்து. அவனைப் பற்றிய பேச்சு அவனுக்குத் தெரியாத மொழியில் நடக்கிறது, ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்கிறார். சாட்சியிடம் கேள்வி கேட்க விரும்புகிறாயா என்றால் அவனுக்கு அதுவே விளங்கவில்லை. பொய் சொல்பவனிடம் என்ன கேட்பது? நீதவான் நல்ல மனிதர். இந்த வழக்குக்குப் பின்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று அவருக்கும் படுகிறது. ஆனால் சட்டப்படி அவர் முன்னால் இருக்கும் சாட்சியம் ஒரு பக்கந்தான். பபுனுக்கு ஆறு மாதக் கடூழியம். சிலிந்துவை விட்டுவிடுகிறார்கள். விடுபட்ட சிலிந்து பிறகு துப்பாக்கியைத் தூக்குகிறான். பபுன் சிறையிலிருந்து திரும்பவே இல்லை.

எங்கள் பார்வையில் அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது அந்தத் திறந்த கதவுதான். காடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நீதிக்குள் வருவதற்கு அதற்கு வழியில்லை. ஆட்சி எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் மொழி தெரியாதவனுக்கு அது அநியாயமாகவே போய்ச் சேருகிறது என்பதை வுல்ஃப் எங்கும் எழுதிச் சொல்லவில்லை. அந்த ஆசனத்தில் தானே இருந்து தீர்ப்புச் சொன்ன ஒருவர், அநியாயத்தைத் தன் கதிரையிலிருந்தே பார்த்து எழுதினார். அது சின்ன விடயமல்ல. கிராமத்துச் சிங்களவன் நசுக்கப்பட்ட கதையை ஒரு வெள்ளைக்காரரின் கையால் வாசிக்கும்போது, நாமும் நம் பக்கத்து ஊர்க்காரரைக் கொஞ்சம் வேறு கண்ணால் பார்க்கிறோம்.

நீதிமன்றக் காட்சி என்றவுடன் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஹார்ப்பர் லீ நினைவுக்கு வருவார். 1960இல் வந்த 'டு கில் எ மொக்கிங்பேர்ட்'. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1930களில் நடக்கும் கதை. ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகப் பழி சுமத்தப்பட்ட கறுப்பர் டொம் ரொபின்சன். அவருடைய இடது கை பஞ்சு அரைக்கும் யந்திரத்தில் சிக்கிச் சூம்பிப் போனது. பெண்ணின் முகத்தில் காயம் வலப் பக்கம். முன்னால் நின்று அப்படி அடிப்பவனுக்கு இடது கை வேண்டும். வாசகர் அந்தக் கையைப் பார்த்துவிடுகிறார், அதன் பிறகு ஜூரிகளின் தீர்ப்பு வாசகரின் நெஞ்சில் விழுகிறது.

ஆனால் நம் பிரதேசத்துக்கு அதைவிட வேண்டிய காட்சி வேறொன்று. விசாரணைக்கு முன் ஓர் இரவு, டொம்மை இழுத்துப்போக ஆட்கள் சிறை வாசலுக்கு வருகிறார்கள். வழக்கறிஞர் அட்டிகஸ் வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு பத்திரிகை வாசித்தபடி தனியே காவல் இருக்கிறார். அவருடைய சின்ன மகள் ஓடி வந்து கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறாள். அவளுக்கு ஆபத்து விளங்கவில்லை. தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஒருவரைக் கண்டுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "உங்கள் மகன் என் வகுப்பில்தானே படிக்கிறான், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்ற மாதிரிப் பேச்சு. அந்த மனிதர் குனிந்து, சொல்கிறேன் என்கிறார். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

கூட்டத்துக்குப் பெயர் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது தகப்பனாகி, அயலவனாகி, வெட்கப்படுகிறது. இது எப்போதும் பலிக்கும் என்று யாரும் நம்பத் தேவையில்லை. அதே நாவலில் டொம் உயிர் தப்பவில்லை. ஆனால் வன்முறையில் இறங்குகிறவர்களுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று காட்ட ஹார்ப்பர் லீக்கு ஒரு சிறுமியின் அசட்டுப் பேச்சு போதுமாக இருந்தது.

இனி நமக்கு மிக அண்மையில் இருப்பவர்களிடம் வருவோம். புசல்லாவையிலும் ஹந்தானையிலும் கலஹாவிலும் லயங்களில் வாழும் மக்களுக்கு நடந்தது போன்ற அநியாயம் சட்டப் புத்தகத்தின் வழியே வந்ததால் அதற்குச் சத்தமே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. கண்டியில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம் குடும்பங்களும் அதே காலத்தில் கடதாசி தேடி அலைந்தவர்கள்தான். இது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு தடவை வகுப்பில் இரண்டு துண்டு கொடுத்தோம். முதல் துண்டில், சட்டம் கேட்டதை எளிய தமிழில் எழுதியிருந்தோம்: இங்கே பிறந்தவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இரண்டாவது துண்டில் நாங்களே இட்டுக்கட்டிய சில வரிகள். மாலைக் கொழுந்து நிறுத்து முடித்து வந்த ஒரு பெண் காம்பராவின் மூலையில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறக்கிறாள். கூறைச் சேலை இருக்கிறது. தவறிப்போன பிள்ளையின் சட்டை இருக்கிறது. செக்ரோல் துண்டு இரண்டு இருக்கிறது. அப்பன் பிறந்த கடதாசி இல்லை. அவர் பிறந்தபோது லயத்தில் அதையெல்லாம் எழுதி வைக்க யாரும் வரவில்லை. பெட்டியை மூடிவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள்.

முதல் துண்டுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. இரண்டாவதை வாசித்து முடித்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "அந்தக் கடதாசி பொறகு கெடச்சதா?" நாங்கள் எழுதியதில் பெரிய திறமை ஒன்றுமில்லை. ஒரு பெட்டி இருந்தது, அவ்வளவுதான்.

சி.வி. வேலுப்பிள்ளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1914இல் பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர் எழுவரில் ஒருவர். தன்னைத் தெரிவு செய்த மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறிய காலத்தில் அவர் அங்கத்தவராக இருந்தார். அப்படிப்பட்டவர் நாவல் எழுத உட்கார்ந்தபோது பாராளுமன்றத்தைக் கதையாக்கவில்லை, லயத்துக்குப் போனார். நாவலின் பெயரே 'வீடற்றவன்'. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்று. பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் காம்பராவும் போயிற்று, சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடக்க வேண்டும். சட்டம் "நாடற்றவர்" என்றது, அவர் அதை வீட்டு வாசல் வரைக்கும் இறக்கி "வீடற்றவன்" என்றார். நாடு என்பது பெரிய சொல், அதை இழப்பது எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவது கஷ்டம். வீட்டை இழப்பது எல்லோருக்கும் விளங்கும்.

தி. ஞானசேகரனின் 'குருதிமலை' இன்னொரு வகை. தோட்ட வைத்தியராக இருந்தவர் அவர். 1977 மே மாதம், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கிராமத்தவருக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அந்தக் காலப் போராட்டமே நாவலுக்குக் கரு. 1979இல் வந்து அரச சாகித்திய விருதும் பெற்றது. நடந்த சம்பவத்தை வைத்து எழுதுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. முடிவு வாசகருக்கு முன்னமே தெரியும். ஆகவே அவர் சூட்டுச் சத்தத்தை நம்பிக் கதை சொல்ல முடியாது, அதற்கு முன் அந்த மலை அந்த மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதைக் கட்ட வேண்டும். தேயிலைச் செடி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பாட்டன் நட்டது என்று தெரிந்த பிறகுதான் காணி பிரிப்பது வலிக்கும்.

இதில் நமக்கும் ஒரு சோதனை உண்டு. தோட்டத்து டவுன்களில் கடை வைத்திருந்தவர்களில் நம்மவர்கள் பலர். ஆகவே மலையக எழுத்தாளர் ஒருவர் எழுதும் காட்சியில் நமக்குக் கிடைக்கும் இடம் கல்லாவுக்குப் பின்னால், கடன் கொப்பியோடு இருக்கலாம். அதை வாசிக்கும்போது கோபப்படாமல் இருக்கப் பழக வேண்டும்.

1983க்கு ஒரேயொரு உதாரணம். ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' 1994இல் வந்தது. அதன் மற்றப் பகுதிகளின் விடயம் வேறு. கடைசி அத்தியாயம் கொழும்பில் ஒரு தமிழ்ச் சிறுவன் ஜூலைக் கலவர நாட்களில் எழுதும் நாட்குறிப்பு. நாட்குறிப்பு எழுதுபவனுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. வாசிக்கும் நமக்குத் தெரியும். பின் மதிலில் ஏணியைச் சாய்த்து வைத்து, கூட்டம் வந்தால் அதில் ஏறிச் சிங்கள அயல்வீட்டுக்குப் போவது என்று குடும்பம் ஆயத்தமாகிறது. அந்த ஏணி போதும். பயமும் இருக்கிறது, அயலவர் மேல் வைத்த நம்பிக்கையும் அதிலேயே இருக்கிறது.

இப்போது 2018க்கு வரலாம். திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை. எட்டுப் பத்து வருடம் ஒன்றும் பெரிய தூரமல்ல, ஆனால் அன்று பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஏற்கனவே ஒரு வரியாகச் சுருங்கத் தொடங்கிவிட்டது: "2018 மார்ச், அவசரகாலச் சட்டம்." அந்த நாட்களின் கைத்தொலைபேசிக் காணொளிகள் இருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். எரிகிற கடை எல்லாக் காணொளியிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். யாருடைய கடை, அதன் மேசை இழுப்பறைக்குள் என்ன இருந்தது என்பதைக் காணொளி சொல்லாது.

நாளை நம் பிள்ளை ஒன்று இதை நாவலாக்கினால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று யோசித்தோம். எங்கள் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அது நெருப்பில் தொடங்கக் கூடாது. அதற்குச் சில நாட்கள் முன்னால், வீதியில் நடந்த ஒரு சின்ன வாகனத் தகராறில், நம் இளைஞர்கள் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்த இடத்தில் தொடங்க வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருக்கும் ஒரு வீடு இருந்தது. அவரைப் பெயரில்லாத ஒரு காரணமாக மட்டும் வைத்துவிட்டு நம் கண்ணீரை எழுதினால், பெட்ரிஸின் கதிரை மட்டும் இருந்து நம் கடைகள் இல்லாமல் போன கதைதான் திரும்பவும் நடக்கும். அந்த அடிக்கும், அதன் பேரில் ஒன்றும் அறியாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மீது நடந்ததற்கும் சம நிறுவை போட யாரும் கேட்கவில்லை. சாரதியை முழு மனிதராகக் காட்டிய பிறகு எரியும் வீடு வந்தால்தான், அந்த வீட்டுக்காரருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வாசகரின் வாயிலிருந்தே வரும். எழுத்தாளர் கேட்கத் தேவையில்லை.

அந்த நாவலை யார் எழுதுவார் என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தேவைப்படப்போகும் சாமான் மட்டும் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் இந்தத் தவணையில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் 2018 பற்றியோ, அதற்கு முந்திய எந்த ஆண்டைப் பற்றியோ கேட்டு, ஒரேயொரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். "அநீதி", "வேதனை", "துயரம்" என்ற சொற்களைப் பாவிக்கக் கூடாது. இது பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வாரம் வந்த கொப்பிகளில் பாதிக்கு மேல் மேடைப் பேச்சுத்தான்.

இரண்டாவது வாரம் வந்தவற்றில் சில: திறப்பு உள்ளேயே உருகிப்போன ஒரு பூட்டு. 1983இல் தமிழ் அயலவர் போகும்போது வாப்பும்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன ஒரு தையல் மெஷின், இன்னும் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. லயத்திலிருந்து வரும் பிள்ளை ஒன்று தன் தாத்தாவின் கடவுச்சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறது. இந்தியாவுக்குப் போக எடுத்தது, போகாமலே காலாவதியானது. திகனப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தங்கள் ஆட்டைப் பற்றி எழுதியது. குடும்பம் வீட்டை விட்டுப் போயிருந்த மூன்று நாளும் மேல் வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் பலா இலை போட்டு அதை உயிரோடு வைத்திருந்திருக்கிறார். அந்த அம்மாவின் பெயர் கொப்பியில் இல்லை. கேட்டு எழுதிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், மாணவர்கள் வந்து எழுதிக்கொள்வார்கள். சிங்களத்தில் சொன்னாலும் பரவாயில்லை, எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த தவணை தொடங்கும் வரை சேர்ப்போம்.